கொடி மாறிய கப்பல்

 

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் இல்லங்களில் இரண்டு குரல்கள் ஓயாமல் ஒலிக்கும். ஒன்று, "உம்மா, பொழுதே போகவில்லை" என்னும் பிள்ளையின் குரல். மற்றொன்று, "சற்று நேரம் சும்மா இரு" என்னும் தாயின் குரல். இவ்விரண்டுக்கும் நடுவே கடைத்தெருவிலிருந்து ஒரு பொம்மை வந்து சேரும். இரண்டே நாட்களில் அது கட்டிலுக்கு அடியில் ஒதுங்கிவிடும். இம்மாதம் அப்படி ஒதுங்கவிருந்த ஒரு பொம்மையைப் பற்றித்தான் உங்களோடு பேச விழைகிறேன்.

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் என் தங்கை தன் ஒன்பது வயது மகனுக்கு ஒரு பிளாஸ்டிக் கப்பல் வாங்கிக் கொடுத்தாள். கடற்கொள்ளையர் கப்பல்! மூன்று பாய்மரங்கள், கறுப்புப் பாய்கள், பக்கவாட்டில் பீரங்கித் துளைகள், உச்சியில் மண்டை ஓடும் எலும்பும் வரைந்த கொடி. பார்வைக்கு மிடுக்காகத்தான் இருந்தது. அண்டாவில் நீர் நிரப்பி மிதக்க விட்டபோது, அது உடனே ஒருபுறம் சாய்ந்து படுத்துக்கொண்டது. கண் கலங்க என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தான்.

"மாமா, கப்பல் என்றார்கள். நிற்கவே இல்லையே!"

"போகட்டும், வேறு வாங்கித் தருகிறேன்" என்று சொல்லிவிட எனக்கும் எளிதுதான். ஆயினும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொருள்களைப் பற்றிய செய்தி ஒன்று நினைவுக்கு வந்தது. அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ள செய்தி அது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு போரிலிருந்து திரும்பிய வேளையில், திரை விலகி, அன்னையாரின் பொம்மைகள் கண்ணில் பட்டன. அவற்றினிடையே துணியால் இறக்கை கட்டிய ஒரு குதிரையும் இருந்தது. குதிரைக்கு இறக்கையா என்று நபியவர்கள் வினவ, சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் மறுமொழி தந்தார்கள். நபியவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள் என்று அந்தச் செய்தி முடிகிறது.

எண்ணிப் பாருங்கள்! ஒரு குதிரைப் பொம்மைக்குத் துணியில் இறக்கை கட்டியதோடு, அதற்கொரு நபியின் வரலாற்றையும் இணைத்து வைத்திருந்தார்கள் அன்னையார். உள்ளதை உள்ளவாறே வைத்துக்கொள்வதைவிட, அதைத் தன் கையால் மாற்றியமைத்து, அதனோடு ஒரு வரலாற்றையும் சேர்த்துக்கொள்வதே சிறந்த விளையாட்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நானும் மருமகனும் கப்பலைச் செப்பனிட அமர்ந்தோம். இதே வேலையை ஸ்காட்லாந்தில் இரு சிறு சகோதரர்கள் செய்திருக்கிறார்கள் என்று அவனிடம் கூறினேன். அவர்களும் ஒரு பிளாஸ்டிக் கொள்ளையர் கப்பலைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அது அமிழ்ந்துவிடாதிருக்க அதன் வயிற்றில் தெர்மாகோல் போன்ற நுரைப்பொருளை அடைத்தார்கள். நிமிர்ந்து நிற்க அடியில் எடை பொருத்தினார்கள். கண்டெடுப்பவர் மீண்டும் கடலில் விட்டுவிடுமாறு வேண்டும் குறிப்பையும் உள்ளே வைத்து, 2017 மே மாதம் பீட்டர்ஹெட் என்னும் ஊரின் கரையிலிருந்து வட கடலில் விட்டார்கள். கண்டெடுத்தவர்கள் திரும்பத் திரும்பக் கடலில் விட, டென்மார்க், சுவீடன், நார்வே என்று அது பயணம் செய்தது. பின்னர் நார்வே நாட்டுப் பாய்க்கப்பல் ஒன்று அதை ஏற்றிச் சென்று, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் பெருங்கடலில் இறக்கி விட்டது. அங்கிருந்து பார்படோஸ் தீவை அண்டிய கடற்பகுதி வரை சென்ற பின்பே, 2018இல் அதன் இருப்பிடம் காட்டும் கருவி ஓய்ந்தது. மொத்தம் 6,000 கிலோமீட்டருக்கு மேல்!

"அவ்வளவு தூரமா? அப்படியென்றால் நம் கப்பல் ஏன் சாய்கிறது மாமா?"

காரணம் எளிது. தரையில் வைத்து விளையாடச் செய்த கப்பலின் எடையெல்லாம் மேலே இருக்கிறது. உயர்ந்த பாய்மரமும், கனத்த பிளாஸ்டிக் பாயும், கொடியும் மேலே. அடியில் வெறும் கூடு. அத்தகைய கப்பல் சிறு அலைக்கும் சாயும். எனவே மூன்று பாய்மரங்களில் இரண்டைக் கழற்றினோம். எஞ்சியதையும் பாதியாகக் குறைத்தோம். பீரங்கித் துளைகளை எம்-சீல் கொண்டு அடைத்தோம். கூட்டினுள் தெர்மாகோல் துண்டுகளை நெருக்கமாகத் திணித்து, துகள் வெளியே சிதறாதவாறு மூடினோம். அடிப்பாகத்தில் பழைய ஸ்டீல் ஸ்கேல் ஒன்றைச் செங்குத்தாகப் பொருத்தி, அதன் கீழ் முனையில் நான்கு இரும்பு நட்டுகளைக் கட்டினோம். மீன்பிடி வலையின் ஈயக் குண்டு இதற்கு நன்றாகப் பொருந்தும்தான். ஆனால் ஈயம் நஞ்சு. பிள்ளைகள் கைபடும் பொருளில் அதைச் சேர்க்க வேண்டாம்.

கனத்த பாய்க்குப் பதிலாக, பரணில் கிடந்த கிழிந்த குடையின் துணியை வெட்டினோம். மீண்டும் அண்டாவில் விட்டபோது கப்பல் நிமிர்ந்து நின்றது. கையால் சாய்த்தாலும் தானே எழுந்தது. நீருக்கு அடியில், யார் கண்ணுக்கும் தெரியாத அந்த நான்கு நட்டுகள்தாம் அதை நிமிர்த்தின.

அடுத்ததாகக் கொடி. மண்டை ஓட்டைக் காட்டி அவன் கேட்டான்: "மாமா, கொள்ளையர் என்றால் இந்தக் கொடி பிடித்தவர்கள்தானே?"

பெற்றோரே, இந்தக் கேள்விக்கு நாம் விடை தயாராக வைத்திருக்க வேண்டும். ஏனெனில் ஒரு காலத்தில் நம் முன்னோரையே கொள்ளையர் என்று எழுதி வைத்தார்கள்!

காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், பரங்கிப்பேட்டை, பழவேற்காடு என நீளும் நம் கரையோர ஊர்களில் கப்பலோட்டி வணிகம் செய்தவர்கள் மரக்காயர்கள். மரக்கலம் என்னும் சொல்லிலிருந்தே அப்பெயர் வந்தது என்பார் பலர். அவர்கள் பருவக்காற்றை நம்பிப் பாய் விரித்தவர்கள். பருவம் எனப் பொருள்படும் 'மவ்சிம்' என்ற அரபுச் சொல்லே 'மான்சூன்' என்று ஆங்கிலத்தில் ஆயிற்று. 1498இல் வாஸ்கோடகாமா கோழிக்கோடு வந்து சேர்ந்ததன் பின் நிலைமை மாறியது. தங்களிடம் 'கர்த்தாஸ்' என்னும் அனுமதிச் சீட்டு வாங்காத கப்பல் எதுவும் கடலில் செல்லக்கூடாது என்றனர் போர்த்துகீசியர். சீட்டில்லாத கப்பல்கள் பறிக்கப்பட்டன. அதற்கும் முன்பே, 1502இல், மக்காவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றி வந்த 'மீரி' என்ற கப்பலை மலபார் கரையருகே வாஸ்கோடகாமாவின் கப்பற்படை மறித்தது. பொருள்களைப் பறித்துக்கொண்டு, பெண்களும் குழந்தைகளும் உள்ளிட்ட நூற்றுக்கணக்கானோரைக் கப்பலோடு எரித்தார்கள். அவர்களுடைய கொடியில் மண்டை ஓடு இல்லை!

இந்தக் கொடுமையை எதிர்த்துக் கோழிக்கோட்டுச் சாமூத்திரி மன்னரின் கடற்படையை நடத்தியவர்கள் குஞ்ஞாலி மரக்காயர்கள். 1538இல் நம் இராமநாதபுரம் கரையில், மண்டபத்தை அடுத்த வேதாளையிலும் மரக்காயர் படைக்கும் போர்த்துகீசியருக்கும் பெரும் போர் நடந்தது. நான்காம் குஞ்ஞாலியின் தலை 1600இல் கோவாவில் வெட்டப்பட்டது. வென்றவர் ஏடுகளில் அவர் கொள்ளையர். நம் நாடு 2000ஆம் ஆண்டில் குஞ்ஞாலி மரக்காயருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. மும்பையிலுள்ள கடற்படைத் தளம் ஒன்றும் குஞ்ஞாலி என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது.

பாய்க்கு வெட்டிய குடைத்துணியைக் கண்டதும் இன்னொரு செய்தியும் நினைவுக்கு வந்தது. 1906இல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, ஹாஜி முகம்மது பக்கீர் சேட் அவர்கள் 8,000 பங்குகளை இரண்டு இலட்சம் ரூபாய் கொடுத்து வாங்கினார்கள். அதை முறியடிக்க முனைந்த ஆங்கிலேயக் கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், இறுதியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு, ஆளுக்கொரு குடையும் கொடுப்பதாக அழைத்தது என்பார்கள். பீரங்கி இல்லாமலும் பிறர் பிழைப்பைப் பறிக்க முடியும்!

இத்தனையும் கேட்ட பின் அவன் கேட்டது: "அப்படியென்றால் நம்மவர் எல்லாரும் நல்லவர்கள், வெள்ளைக்காரர் எல்லாரும் கொள்ளையரா?"

அன்புடையோரே, இந்த இடத்தில்தான் நாம் கவனமாக இருக்க வேண்டும். பழம் பெருமையைச் சொல்லப் போய், பிள்ளையின் நெஞ்சில் பகையை விதைத்துவிடக்கூடாது. திருமறையின் அல்கஹ்ஃப் அத்தியாயத்தில் வரும் கப்பலின் வரலாற்றை அவனுக்குச் சொன்னேன். கடலில் உழைத்துப் பிழைக்கும் ஏழைகளின் கப்பல் அது. மூஸா (அலை) அவர்களோடு சென்ற நல்லடியார் அதில் ஒரு குறையை உண்டாக்கினார். கப்பல்களையெல்லாம் வலிந்து பறிக்கும் அரசன் ஒருவன் அப்பகுதியில் இருந்தான். பழுதான கப்பலை அவன் தொடமாட்டான். ஏழைகளின் பிழைப்பு தப்பியது. பறித்தவன் தலையில் கிரீடம் இருந்தது. அதனால் அவன் செயல் நியாயமாகிவிட்டதா?

"பிறர் பொருளை வலிந்து பறிப்பவர் யாரோ, அவரே கொள்ளையர், தம்பி. வெள்ளைக்காரராயினும் சரி, நம்மவராயினும் சரி" என்றேன். அவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, "பக்கத்து வீட்டுப் பையனின் பம்பரத்தை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். திருப்பித் தரவில்லை" என்றான்.

நான் அசந்து போனேன். நான் வரலாறு சொன்னேன். அவன் தன் சட்டைப் பையைத் தேடிப் பார்த்தான்! வயதில் மூத்த நம்மில் எத்தனை பேர் அவ்வாறு தேடிப் பார்க்கிறோம்? தராசில் விரலை வைத்தவர், சகோதரியின் பாகத்தைக் கொடுக்காமல் காலம் கடத்துபவர், வேலையாளின் கூலியைத் தவணை சொல்லி இழுப்பவர் ஆகியோரின் வீட்டு மாடியில் எந்தக் கொடி பறக்க வேண்டும்?

மறுநாள் பம்பரம் உரியவனிடம் போய்ச் சேர்ந்தது. அந்தப் பையனும் எங்களோடு சேர்ந்துகொண்டான். மண்டை ஓட்டுக் கொடியை எடுத்துவிட்டு, வெள்ளைத் துணியில் 'மரக்கலம்' என்று எழுதிக் கட்டினார்கள் இருவரும்.

மாலையில் மாடம்பாக்கம் ஏரிக்கரைக்குச் சென்றோம். பிற்பகலில் கிழக்கிலிருந்து வீசும் கடற்காற்றைக் கொண்டல் என்று நம் முன்னோர் அழைத்தார்கள். குடைத்துணிப் பாய் அதில் புடைக்க, கப்பல் கரையை விட்டு நிமிர்ந்தபடியே நகர்ந்தது. இரு சிறுவரும் எழுப்பிய "அல்லாஹு அக்பர்!" என்ற குரலில் கரையிலிருந்த கொக்குகள் பறந்தன.

நீங்களும் செய்து பாருங்கள். ஆனால் மூன்று எச்சரிக்கைகளை மனத்தில் கொள்ளுங்கள்.

முதலாவது, கயிறு. தங்கூசி என்று மீனவர் சொல்லும் நைலான் நரம்பைக் கப்பலில் கட்டி, மறுமுனையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கிழக்குத் தாம்பரத்து ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், ஒக்கியம் மடு, பக்கிங்காம் கால்வாய் வழியே கோவளத்தருகே கடலில் கலக்கிறது. முடிச்சூர்ப் பக்கத்து நீர் அடையாற்றின் வழியே கடலுக்குச் செல்கிறது. நாம் கைவிடும் பிளாஸ்டிக்கும் அவ்வாறே கடலுக்குப் போகும். அந்த ஸ்காட்லாந்துச் சிறுவர்களின் கப்பல் ஒன்றே ஒன்று. ஊர்ப் பிள்ளைகள் அனைவரும் அவ்வாறு விட்டால் கடல் குப்பைமேடாகும்.

இரண்டாவது, நீரின் ஆழம். பல்லாவரம், திரிசூலம் பகுதிகளிலுள்ள கல்குட்டைகளின் பக்கமே பிள்ளைகளை அனுப்பாதீர்கள். கரையோரமே ஆளை விழுங்கும் ஆழம் அவற்றுக்கு உண்டு. ஏரியானாலும் பெரியவர் ஒருவர் உடனிருந்தாக வேண்டும். கப்பல் சிக்கிக்கொண்டால் நரம்பை இழுங்கள். வரவில்லையெனில் விட்டுவிடுங்கள். சிறுவரை இறக்காதீர்கள். பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்குமாறு உமர் (ரலி) அவர்கள் வலியுறுத்தியதாகச் சொல்லப்படுவதையும் மறவாதீர்கள்.

மூன்றாவது, தொழுகை நேரம். கடற்காற்று இதமாக வீசும் வேளைதான் அஸருக்கும் மக்ரிபுக்கும் இடைப்பட்ட வேளை. தொழுதுவிட்டுச் செல்லுங்கள். பாங்கொலி கேட்டதும் பாயைச் சுருட்டுங்கள்.

கப்பலை நிமிர்த்தியது மேலே பறந்த கொடியன்று. கீழே மறைந்திருந்த எடைதான். மனிதனை நிமிர்த்துவதும் அத்தகைய ஒன்றே. பிறர் காணாத இடத்தில் பேணப்படும் அமானிதமே அது. அந்த எடையை நம் பிள்ளைகளின் உள்ளத்தில் சிறு வயதிலேயே பொருத்திவிட்டால், எந்தப் புயலிலும் இன்ஷா அல்லாஹ் அவர்கள் சாயமாட்டார்கள்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களைப் பிறர் உரிமையைப் பறிக்காத இல்லங்களாகவும், நம் மக்களைக் கண் குளிர்ச்சியாகவும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.