பீரோவில் பழைய தோல் ஜாக்கெட்: ஜிப்பை மாற்றலாமா, கூடாதா?

தோல் ஜாக்கெட்டுக்கும் காரைக்காலுக்கும் என்ன சம்பந்தம்? சித்திரை வெயிலில் இங்கே சட்டை போடுவதே பெரும்பாடு. ஆனால் பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்களின் குடும்பங்கள் இந்த ஊரில் உண்டு. குளிர் நாட்டில் போட்ட ஜாக்கெட் ஒன்று ஏதோ ஒரு பீரோவின் அடித்தட்டில் கிடந்தால் ஆச்சரியமில்லை. பேரன் எடுத்துப் பார்ப்பான், ஜிப் நகராது. “கழட்டிட்டுப் புதுசு வெச்சுடலாம்” என்பதுதான் முதலில் வரும் யோசனை.

கொஞ்சம் பொறுக்கலாம். ஜாக்கெட்டின் வயதைச் சொல்வது பெரும்பாலும் அந்த ஜிப்தான். தோலுக்குச் சாயமேற்றி, தேய்த்து, சுருக்கம் விழவைத்துப் பழசாகக் காட்டிவிட முடியும். ஜிப் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்றைய ஜிப்பின் மூல வடிவத்துக்கு கிடியன் சண்ட்பேக் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1917-ல். நியூயார்க்கின் ஷாட் நிறுவனம் 1928-ல் ‘பெர்ஃபெக்டோ’ மோட்டார் சைக்கிள் ஜாக்கெட்டில் அதை வைத்தது. அமெரிக்கத் தரைப்படையின் விமானப் பிரிவு அணிந்த ஏ-1 ஜாக்கெட்டில் பொத்தான்கள். 1931-ல் வந்த ஏ-2வில் ஜிப். பிரெஞ்சு மோட்டார் படையினரின் 1935 மாதிரித் தோல் கோட்டு பொத்தான் வைத்தது. அந்தப் பெயரில் ஒருவர் விற்கும் கோட்டின் நடுவே ஜிப் ஓடினால் வாங்குபவர் உஷாராகிவிட வேண்டும்.

பிரான்சில் ஜிப்புக்குப் பெயர் ‘ஃபெர்மெத்யூர் எக்லேர்’. எக்லேர் என்றால் மின்னல். வணிகப் பெயராகத் தொடங்கியது, நம் ஊரில் ஜெராக்ஸ் ஆன மாதிரி, பொதுப்பெயராகிவிட்டது. ஆகவே ரன்னரின் முதுகில் டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது. ‘எக்லேர்’ என்று பொறித்திருந்தால் பிரான்ஸ், ‘டாலன்’ என்றால் அமெரிக்கா, ‘லைட்னிங்’ என்றால் இங்கிலாந்து என்று ஊகிக்கலாம். நைலான் சுருள் ஜிப் பரவலானது 1960களில்தான். காரைக்கால் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்த 1954 நவம்பர் 1-ஐப் படமெடுப்பவர், பிரெஞ்சு அதிகாரிக்கு நைலான் ஜிப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டால் அது பிழை. யார் கவனிக்கப்போகிறார்கள் என்று விட முடியாது. குளோசப்பில் ஜிப்தான் முதலில் தெரியும்.

கடற்கரை ஊரில் இன்னொரு சிக்கல், உப்புக்காற்று. பித்தளைப் பல்லில் பச்சைக் களிம்பு ஏறும். தோலில் உள்ள கொழுப்போடு சேர்ந்து அது மெழுகு போலத் திரளும். இரும்புப் பாகமாக இருந்தால், ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டையில் பதனிட்ட தோலில் ஈரம் பட்டதும் கறுப்புக் கறை விழும். கலம்காரித் துணியில் கடுக்காயும் இரும்பும் சேர்ந்து கறுப்பாவதும் இதே வேதியியல்தான். கறை போகாது.

அதற்காக உடனே பிரிக்கவும் கூடாது. துணியில் தையலைப் பிரித்தால் ஊசித்துளை ஓரளவு மூடிக்கொள்ளும், தோலில் மூடவே மூடாது. புதிய ஜிப்பை மெஷினில் ஓட்டினால் பழைய துளைக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை விழும். தபால்தலை ஓரம் போல அந்த இடம் கிழிந்துவிடும். முதலில் பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் களிம்பைத் தேய்த்து எடுத்து, மெழுகுவர்த்தியை பற்களில் தடவிப் பார்க்கலாம். பல் கோக்காமல் வாய் பிளந்தால் குற்றம் பெரும்பாலும் ரன்னரிடம்தான். குறடால் அதன் இரு ஓரத்தையும் லேசாக அழுத்தினாலே பல நேரம் பிடித்துக்கொள்ளும். இல்லையென்றால் ரன்னரை மட்டும் மாற்றினால் போதும். நாடாவே இற்றுப்போயிருந்தால்தான் முழு ஜிப். அதையும் பழைய துளைகளிலேயே கையால் தைக்கச் சொல்ல வேண்டும்.

தாத்தாவே பிற்பாடு உள்ளூர் தையற்கடையில் கொடுத்து மாற்றிய நைலான் ஜிப்பாக இருந்தால்? அதைப் பிடுங்கிவிட்டு ‘அந்தக் காலத்து’ பித்தளை ஜிப்பைத் தேடி வைப்பவர்கள் உண்டு. விலை ஏறும் என்ற கணக்கு. அது மீட்பு வேலை இல்லை, போலி. ஊர் திரும்பிய பிறகும் அவர் அந்த ஜாக்கெட்டை விடவில்லை என்பதற்கு அந்த நைலான் ஜிப்தான் சாட்சி. அதுவும் அசல்தான்.

புதிதாக, பழைய பாணியில் தைக்கும் ஜாக்கெட்டுக்கு இந்தக் கெடுபிடி வேண்டாம். சினிமாவுக்கோ சேகரிப்பாளருக்கோ என்றால் காலத்துக்கேற்ற உலோக ஜிப் கட்டாயம். கடலோரத்தில் பைக்கில் போகிறவருக்கு பிளாஸ்டிக் பல் ஜிப்பே உழைக்கும். அதை 1940களின் அசல் என்று சொல்லி விற்காமல் இருந்தால் சரி.

பழையதைக் கழற்றியே ஆக வேண்டுமென்றால், கழற்றிய ஜிப்பைக் குப்பையில் போடாமல், எண்ணெய்க்காகிதத்தில் சுற்றி, மாற்றிய தேதியையும் எழுதி, ஜாக்கெட் தொங்கும் ஹாங்கரிலேயே கட்டி வைக்கலாம். ஜாக்கெட்டின் பைக்குள் மட்டும் போட வேண்டாம். களிம்பு அங்கேயும் ஒட்டும்.