ரியா கரையின் வெள்ளை ஒயின்

அல்பரீன்யோவைப் பல்கூசும் குளிரில் ஊற்றிக் கொடுப்பது அந்த ஒயினுக்குச் செய்யும் அநியாயம். 5 டிகிரியில் நாக்கு மரத்துவிடும். புளிப்பு மட்டும் எட்டிப் பார்க்கும், மணம் எழும்பாது. 10 டிகிரி வரை பொறுங்கள். எலுமிச்சைத் தோல், பீச், வெள்ளைப் பூ என்று ஒவ்வொன்றாக வரும். விழுங்கிய பிறகு உதட்டோரம் லேசாக ஓர் உப்புக்கரிப்பு தங்கும். அந்தக் கரிப்புக்காகவே எனக்கு இதன்மேல் இத்தனை பிரியம்.

இதன் ஊர் ஸ்பெயினின் வடமேற்கு மூலை, கலீசியா. அட்லான்டிக் கடல் நிலத்துக்குள் நீளநீளமாகப் புகுந்து கிடக்கும் கரை அது. அப்படிப் புகுந்த கடலை அங்கே 'ரியா' என்பார்கள். ரியாஸ் பாய்ஷாஸ் என்ற பெயரில் இந்த ஒயின் வட்டாரம் 1988இல் அங்கீகாரம் பெற்றது. மழைக்குப் பஞ்சமில்லாத சீமை. ஈரம் நின்றால் திராட்சையில் பூஞ்சை பிடிக்கும். அதனால் கருங்கல் தூண் நட்டு, நம் கம்பம் பள்ளத்தாக்கில் போடுவதுபோல உயரமாகப் பந்தல் போட்டுக் கொடியைப் படரவிடுகிறார்கள். அடியில் காற்று ஓடும். கருங்கல் பொடிந்த மணல் மண் தண்ணீரைத் தேங்கவிடாது. அல்பரீன்யோ திராட்சையின் தடித்த தோலும் கைகொடுக்கிறது. தோட்டங்கள் பெரும்பாலும் துண்டு துக்காணி நிலங்கள்தான்.

இதை எதோடு சாப்பிடுவது என்பதற்கு அந்த ரியாக்களே பதில் வைத்திருக்கின்றன. 'பாத்தேயா' என்ற மரத் தெப்பங்களிலிருந்து கயிறுகளைத் தொங்கவிட்டு அங்கே மஸ்ஸல் சிப்பி வளர்க்கிறார்கள். அந்தச் சிப்பியை ஆவியில் வாய் திறக்கும்வரை மட்டும் வேகவைத்து, கூட ஒரு கிளாஸ் அல்பரீன்யோ. வேறு மசாலா வேண்டாம். சிப்பியின் உப்பு ஒயினின் புளிப்பைத் தணிக்கிறது. தணிந்ததும் பழச்சுவை முன்னுக்கு வருகிறது. சிவப்பு ஒயினாக இருந்தால், அதிலுள்ள இரும்புச்சத்து மீன் எண்ணெயோடு சேர்ந்து கவிச்சியைக் கிளப்பிவிடக்கூடும். ஆக்டோபஸை வேகவைத்து நறுக்கி, ஆலிவ் எண்ணெய், கல்லுப்பு, ஸ்பெயினின் மிளகாய்த்தூளான பிமென்தோன் தூவி மரத்தட்டில் வைப்பார்களே, அந்த எண்ணெய்க்கும் இந்தப் புளிப்பு சரியான மாற்று. அலை மோதும் பாறைகளில் உயிரைப் பணயம் வைத்துச் சுரண்டி எடுக்கும் பெர்செபெஸ் என்ற கொட்டலசு வகைக்கும் கரைக்காரர்கள் தேடுவது இதைத்தான். வறுத்த பத்ரோன் மிளகாயோடும், தெத்தீயா என்ற மென்மையான பாலாடைக்கட்டியோடும் நன்றாகப் போகும். கனமான மாட்டிறைச்சிக்கு முன்னால் நிற்காது.

அல்பரீன்யோவைத் தயாரித்த வருஷமே குடித்துத் தீர்க்க வேண்டும் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. ஈஸ்ட் வண்டல் மேலேயே மாதக்கணக்கில் ஊறவிட்ட ஒயினில் கனம் கூடுகிறது, புளிப்பின் கூர் மழுங்குகிறது. பாஸோ தே சென்யோரான்ஸ் என்ற தோட்டத்தார் தங்கள் 'செலெக்சியோன் தே அன்யாதா' ஒயினை எஃகுத் தொட்டியில் அப்படி 30 மாதத்துக்கும் மேல் வைத்திருக்கிறார்கள். ஓக் பீப்பாய் வாசனை இல்லாமலே அது ஆழமாகிவிடுகிறது. லேபிளில் 'சோப்ரே லியாஸ்' என்று இருந்தால் வண்டலில் ஊறியது என்று பொருள். அதைத் தேடி எடுங்கள். இரண்டு பாட்டில் வாங்கினால் ஒன்றைக் குளிர்ந்த இருட்டில் படுக்கவைத்து, மூன்று நான்கு வருஷம் கழித்துத் திறங்கள்.