மூச்சின் விலை

துவிச்சக்கரவண்டி யாழ்ப்பாணத்தாருக்குப் புதிய வாகனமன்று. பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் செத்தவீட்டுக்கும் அதிலேயே போய்வந்து பழகியவர்கள் நாம். ஆனால், மேடென்று சொல்லத்தக்க மேடு எமது குடாநாட்டில் எங்கே இருக்கிறது? கீரிமலைகூடப் பெயரளவில்தானே மலை! அத்தகைய சமதரையில் நெடுங்காலம் வண்டி மிதித்த கால்களை நம்பி, ஜேர்மனியில் வாழும் எமது மருகர் விடுத்த அழைப்புக்கு நாம் இசைந்துவிட்டோம். அதன் பயனை மூன்று நாட்கள் அனுபவித்தோம்.

ஜேர்மனிக்கும் செக் குடியரசுக்கும் எல்லையாகக் கிடக்கும் மலைத்தொடருக்கு எர்ஸ்கெபிர்கே என்று பெயர். தாதுமலை என்பது அதன் பொருள். வெள்ளி, ஈயம், கோபால்ட், யுரேனியம் என எண்ணூறு ஆண்டுகளாக மனிதர் அகழ்ந்தெடுத்த மலை அது. 2019 இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. இன்று அதன் ஒன்பது சிகரங்களை இணைத்து, 'ஸ்டோன்மன் மிரிக்விடி' என்னும் சைக்கிள் வழியொன்று செல்கின்றது. மிரிக்விடி என்பது அம்மலைக்கு முன்னோர் இட்ட பெயர். இருண்ட காடு எனப் பொருள்படும். வழியின் நீளம் 162 கிலோமீற்றர். ஏற்றங்களை மட்டும் கூட்டினால் 4,400 மீற்றர். எமது பிதுருதலாகலையைக் கடல்மட்டத்திலிருந்து ஒருமுறை ஏறி, இறங்கி, மறுபடியும் முக்காற்பங்கு ஏறுவதற்கு அது சமமாகும்.

சிகரந்தோறும் அட்டையில் அடையாளமிட்டுக்கொள்ளல் வேண்டும். ஒரே நாளில் முடித்தவருக்குப் பொன், இரு நாளில் முடித்தவருக்கு வெள்ளி, மூன்று நாளில் முடித்தவருக்கு வெண்கலம் என்ற தரத்தில் ஒரு கல் பரிசாகக் கிடைக்கும். பொன்னையும் வெள்ளியையும் இளைஞருக்கு விட்டுக்கொடுத்து, வெண்கலத்தை நோக்கி நாம் புறப்பட்டோம்.

ஜேர்மனியிலேயே மிக உயரத்தில் அமைந்த பட்டினமாகிய ஓபர்வீசென்தாலிலிருந்து 1,215 மீற்றர் உயரமான ஃபிக்டெல்பெர்க் ஏறும்போதே எமது நெஞ்சு உலைத்துருத்தியாகிவிட்டது. முன்னே சென்ற மருகர் திரும்பிப் பார்த்தார்.

"மாமா, மூக்காலை மூச்சை இழுங்கோ. வாயாலை இழுத்தா கெதியாக் களைச்சுப் போவியள்."

மூச்சு எந்தத் துவாரத்தால் வருகின்றது என்று ஆராயும் நிலையில் நாம் இருக்கவில்லை. ஆயினும் அந்த வார்த்தை எம்மைவிட்டு அகலவில்லை. அம்மலையின் சரித்திரம் முழுவதுமே மூச்சின் சரித்திரம் என்பதைப் பின்னர்தான் அறிந்தோம்.

எல்லை கடந்து, தொடரின் அதியுயர் சிகரமாகிய கிளினோவெட்ஸை, 1,244 மீற்றர், ஒருவாறு ஏறி முடித்தோம். பின் வழியிலிருந்து சற்று விலகிப் பள்ளத்தாக்கிலுள்ள யாகிமோவ் பட்டினத்துக்கு இறங்கினோம். முன்னாளில் ஜேர்மனியர் அதனை யோகிம்ஸ்தால் என்றனர். 1516 இல் வெள்ளிக்காக எழுந்த ஊர் அது. அங்கே வார்த்த வெள்ளி நாணயம் ஊரின் பெயரால் 'யோகிம்ஸ்தாலர்' எனப்பட்டுப் பின்னர் 'தாலர்' எனக் குறுகியது. அச்சொல்லே ஊரூராய்த் திரிந்து இன்று 'டொலர்' ஆகி நிற்கின்றது. காலையிற் பத்திரிகையை விரித்ததும் டொலரின் விலையைப் பார்த்துப் பெருமூச்செறியும் எம்மவர், அதன் பிறந்தகம் இந்தச் சிற்றூரே என்று அறிவாரோ?

அவ்வூரில் 1527 முதல் சில ஆண்டுகள் வைத்தியராக இருந்தவர் அக்ரிகோலா. சுரங்கத் தொழிலைப் பற்றி அவர் எழுதிய பெருநூல், அவர் மறைந்ததற்கு அடுத்த வருடமாகிய 1556 இல் வெளிவந்தது. சுரங்கத்தினுள் காற்றைச் செலுத்தும் பொறிகளை அவர் அதில் விரிவாக விளக்குகின்றார். சுரங்கப் புழுதி நுரையீரலை அரிப்பதையும் கூறுகின்றார். கார்பாத்திய மலைச் சுரங்கப் பகுதியில், ஒருவர்பின் ஒருவராக ஏழு கணவரை மணந்து எழுவரையும் இழந்த பெண்கள் இருந்தனராம். வைத்தியர் ஒருவர் எழுதிவைத்த இச்செய்தியை எண்ணியபோது, எமது களைப்பைச் சொல்லி முறையிட நா எழவில்லை.

வெள்ளி வற்றிய பின்னும் மலை ஓயவில்லை. வெள்ளியைத் தேடியோர் குப்பையென ஒதுக்கிய கரிய கல்லில் யுரேனியம் இருந்தது. கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் நிறமூட்ட அதனைப் பயன்படுத்தினர். எஞ்சிய கழிவைத் தொன்தொன்னாக வரவழைத்தே கியூரி தம்பதியர் தாம் 1898 இல் கண்டறிந்த ரேடியத்தைப் பிரித்தெடுக்க உழைத்தனர்.

இம்மலையின் ஷ்னேபெர்க் சுரங்கத் தொழிலாளரைத் தலைமுறை தலைமுறையாக ஒரு நெஞ்சுநோய் கொன்றுவந்தது. அது நுரையீரலில் வளரும் கட்டியே என்று 1879 இல் இரு வைத்தியர்கள் எழுதினர். காரணம் துலங்க இன்னும் பல்லாண்டுகள் சென்றன. யுரேனியம் சிதைந்து ரேடியமாகி, ரேடியம் சிதைந்து ரேடன் என்னும் வாயுவாகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சோடு உட்புகுந்ததும், அதிலிருந்து பிறக்கும் நுண்துகள்கள் நுரையீரலில் தங்கிக் கதிர்வீசி அதனைப் புண்படுத்துகின்றன. ஓரிடத்தில் உயிர்குடித்த அதே வாயு கலந்த நீரில், யாகிமோவில் 1906 முதல் நோயாளரைக் குளிப்பாட்டிச் சிகிச்சை செய்துவருகின்றனர் என்பது விந்தையே.

காரணம் தெரிந்த பின்னராவது மனிதர் திருந்தினரா? இரண்டாம் உலக யுத்தத்தின்பின் அணுகுண்டுக்கு யுரேனியம் வேண்டியிருந்தது. 1949 முதல் 1961 வரை யாகிமோவைச் சூழ முகாம்கள் அமைத்து, அரசியற் கைதிகளைக் கொண்டு தோண்டுவித்தனர். முன்னோர் வயிற்றுக்காக இறங்கினர். இவர்களோ துப்பாக்கி முனையில் இறங்கினர்.

இரண்டாம் நாள் பிளாதென்ஸ்கி சிகரத்தருகே 'ஓநாய்க் குழிகள்' எனப்படும் இடிந்த வெள்ளீயச் சுரங்கங்களைக் கண்டோம். அவற்றுள் ஒன்று கோடையிலும் பனிக்கட்டி கிடக்கும் குறுகிய பிளவு. வியர்வையோடு அதன் வாயிலில் நின்ற எம்மைக் குளிர்காற்று தொட்டபோது உடல் சிலிர்த்தது. அது மலையே விடும் மூச்சுப்போலும்! அன்று மாலை அவுவெர்ஸ்பெர்க் ஏற்றத்தில் நாம் வண்டியைவிட்டு இறங்கி உருட்டினோம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

மூன்றாம் நாள் போல்பெர்க் அடிவாரத்து அன்னாபெர்க் நகரில் புனித அன்னாள் தேவாலயத்துக்குச் சென்றோம். அங்கு 1521 இல் ஹான்ஸ் ஹெஸ்ஸே தீட்டிய சுரங்க ஓவியங்கள் உள்ளன. மலையைக் குடைவோரும் தாதை அலசுவோரும் நாணயம் அடிப்போரும் அவற்றில் இருக்கின்றனர். ஆனால், அவை இருப்பது பீடத்தின் பின்புறத்தில். முன்னே நின்று வணங்குவோர் கண்ணில் அவை படமாட்டா. கோயிலுக்குப் பொருள் கொடுத்தவர்களைக் காண நாம் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தது.

அம்மலைநாட்டில் ஒருவரையொருவர் காணும்போது 'குளுக் அவுஃப்' என்பர். சுரங்கத் தொழிலாளர் வழிவந்த வாழ்த்து அது. நற்பேறு வாய்க்கட்டும், நலமே மேலேறி வருக என்ற கருத்தை அதிற் காண்கின்றனர். மார்கழியில் வீட்டு யன்னல்களில் மரப்பொம்மைகள் மெழுகுதிரி ஏந்தி நிற்குமாம். வீட்டிலுள்ள ஒவ்வோர் ஆண்பிள்ளைக்கும் ஒரு சுரங்கத் தொழிலாளி, ஒவ்வொரு பெண்பிள்ளைக்கும் ஒரு தேவதை வைப்பது வழக்கம். குளிர்காலத்தில் விடியுமுன் இறங்கி இருண்டபின் ஏறியவனுக்கு, அன்றைய வெளிச்சம் யன்னல் வெளிச்சமே. கார்த்திகை விளக்கீட்டன்று வாசலில் தீபம் வைக்கும் எமது தாய்மாருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

பேரென்ஸ்டைன் சிகரத்தோடு ஒன்பதும் நிறைவேறின. வெண்கலத் தரத்துக் கல்லும் கிடைத்தது.

"வாற வருசம் வெள்ளி எடுப்பமோ, மாமா?" என்றார் மருகர்.

"முதலிலை மூச்சு வரட்டும்" என்றோம்.

அந்தக் கல் இப்பொழுது எமது எழுதுமேசையில் இருக்கின்றது. அதற்காக நாம் விரும்பி மூச்சிரைத்தோம். வேண்டாமென்றால் இறங்கி உருட்டலாம், வீடு திரும்பலாம் என்ற சுதந்திரம் எமக்கிருந்தது. அச்சுதந்திரம் இன்றி அதே மலையில் மூச்சிரைத்தவர்களின் பெயர் எந்த நாணயத்திலும் பொறிக்கப்படவில்லை. நேயர்கள் அடுத்தமுறை டொலரைப் பற்றிப் பேசும்போது அவர்களையும் ஒருகணம் நினைப்பார்களாக.