வேண்டும், வேண்டாம்: இரண்டும் உண்மை

மாத்திரை உள்ளங்கையில் இருக்கிறது. தண்ணீர் டம்ளர் உதடு வரை போகிறது, கீழே இறங்குகிறது, மறுபடி போகிறது. பக்கத்தில் நிற்கும் அம்மா பொறுமை இழக்கிறார்: “போடுறதுன்னா போடு, இல்லேன்னா விடு!”

மனச்சிதைவு நோயாளிகளின் வீடுகளில் இதற்குப் பிடிவாதம், நடிப்பு என்று பெயர். இதை நோயின் அறிகுறியாக எழுதிவைத்தவர், சூரிச் நகரின் பூர்கோல்ஸ்லி மருத்துவமனை இயக்குநர் ஒய்கன் ப்ளாய்லர். நோய்க்கு ‘ஸ்கிசோஃப்ரினியா’ என்று 1908இல் பெயரிட்டவரும் அவரே. 1911இல் வெளிவந்த நூலில், இந்த இருமனநிலையை நோயின் அடிப்படைக் கூறுகளில் ஒன்றாக வைத்தார். காதில் ஒலிக்கும் குரல்களெல்லாம் அவருக்குத் துணை அறிகுறிகள்தான். ஒருவரையே நேசித்து வெறுப்பது, சாப்பிட நினைத்து மறுப்பது, சொன்னதை அதே மூச்சில் இல்லையென்பது என உணர்வு, விருப்பம், சிந்தனை மூன்றிலும் இதைக் கண்டார்.

மனம் ஊசலாடாதவர் யார்? ஆனால், நாம் கூட்டிக் கழித்துப் பார்த்து ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறோம். இவர்களிடம் ஒரு விருப்பம் மற்றதைக் குறைப்பதில்லை. இரண்டும் முழு வலுவோடு நிற்கின்றன.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980இல் வெளியிட்ட கையேட்டின் நோயறிதல் அளவுகோல்களில் இருமனநிலைக்கு இடமில்லை. குரல் கேட்கிறதா என்றால் ஆம், இல்லை என்று பதில் வரும். இதை அப்படிக் கேட்டு வாங்க முடியாது. அளக்க வராதது பட்டியலிலிருந்து போனது; நோயாளியை விட்டுப் போகவில்லை. கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் “மாத்திரை போடமாட்டேங்கிறார் சார்” என்ற ஒற்றை வரியில் அது மறைந்துவிடுகிறது.

எதிர்ப்பக்கத்திலும் ஆபத்து உண்டு. உடல் பருக்கிறது, கை நடுங்குகிறது, பகலெல்லாம் தூக்கம் என்று மருந்தை மறுப்பவருக்கு நியாயமான காரணம் இருக்கிறது. அதையும் அறிகுறிக் கணக்கில் எழுதுவது அநியாயம்.

இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒருவர் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க உரிமை தருகிறது. முடிவெடுக்கும் திறனை இழந்தால்தான் அந்தக் காகிதத்துக்கு உயிர் வரும். மாத்திரையைக் கையில் வைத்துத் தயங்குபவரோ எல்லாம் புரிந்தவர். காலையில் சரி என்பார், மாலையில் வேண்டாம் என்பார். எந்தப் பதிலை எடுத்துக்கொள்வது? முதல் பதிலோடு கோப்பை மூடாமல், அவசரமில்லாத நேரங்களில் மறுநாளும் அதே கேள்வியைக் கேட்கலாம். தினமும் எடுக்கும் முடிவை மாதம் ஒருமுறையாகக் குறைக்கும் ஊசிகளும் இருக்கின்றன. அதைப் பற்றி அவரிடமே பேசுவதற்குத்தான் மருத்துவருக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தை எந்த மருத்துவமனையும் கணக்கில் வைப்பதில்லை.