பங்குனி மழைக்கு முன் கோடியைக் கொத்துவோம்



தைப்பொங்கல் லீவுக்கு நாவிதன்வெளிக்குப் போயிருந்தோம். மலையில் படிப்பித்தாலும் எங்கள் வீடு அங்கேதான். மாரி வெள்ளம் கிட்டங்கிப் பாதையை மூடி, கல்முனைக்குப் போக முடியாமல் சனம் அந்தரப்படுவது அங்கே புதிதல்ல. வெள்ளம் வடிந்த கையோடு சவளக்கடை, அன்னமலைப் பக்கம் வளவுக்கு வளவு மண்வெட்டிச் சத்தம் கேட்கிறது. நாற்றுமேடையில் கத்தரியும் மிளகாயும், வேலியோரம் பயிற்றையும் பாகலும், மூலையில் வத்தாளைக் கொடி. தமிழ் வீடும் முஸ்லிம் வீடும் ஒரே அவசரத்தில் நிற்கின்றன. சித்திரை வெயில் ஏறுமுன் காய் பறித்துவிட வேண்டும்.

பார்த்த எங்களுக்குப் பொறாமைதான் வந்தது. அங்கே நடுகிறவர் கையில் உறுதியோ பெர்மிட்டோ பெரும்பாலும் ஒரு கடதாசி இருக்கிறது. முருங்கைக் கொப்பு ஊன்றினால் பேரப்பிள்ளை காய் பறிக்கும் என்று நம்பலாம். நம் லயத்துக் கோடியில் ஒரு கொய்யாக் கன்று வைக்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்? எங்களிடம் படிக்கும் பிள்ளையொன்றின் வீட்டார் பீலிக்கரையோரம் போட்டிருந்த லீக்ஸ் பாத்தியை, 'அது தோட்டத்து நிலம்' என்று சொல்லி ஒரே காலையில் பிடுங்கிப் போட்டார்கள். அறுவடைக்கு இன்னும் இரண்டு கிழமைதான் இருந்தது. அந்தப் பிள்ளை இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை.

நிலம் இல்லாதவனுக்குப் பஞ்சம் என்ன செய்யும் என்பதை நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். 1973, 74 இல் அரிசியும் மாவும் குறைந்தபோது நாட்டின் வேறெந்தப் பகுதியையும்விடத் தோட்டங்களில்தான் சாவு கூடியது. கிராமத்தவருக்குக் கொல்லையில் மரவள்ளியாவது இருந்தது. நமக்கோ சுற்றிவரத் தேயிலை. அதைத் தின்ன முடியாது. பல குடும்பங்கள் பாத்திரம் பண்டத்தை விற்றுவிட்டு வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் இறங்கின. 1977 மே 11 அன்று, தோட்டக் காணிகளைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்து நின்ற போராட்டத்தில் டெவன் தோட்டத்தின் சிவனு லெட்சுமணன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். நமக்குக் காணிப் பிரச்சினை நேற்று முளைத்ததல்ல.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்தார்கள். நவம்பரில் தடையை எடுத்தாலும் விளைச்சல் விழுந்தது விழுந்ததுதான். 2022 ஜூனில் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டுத்தோட்டம் போடச் சொன்னது அரசாங்கம். செக்றோலில் பேர் போட்டு நாள் சம்பளம் வாங்கும் நமக்கு அந்த வெள்ளிக்கிழமையும் இல்லை, நடுவதற்கு நிலமும் இல்லை.

ஆனாலும் இந்த வருடம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். நாவிதன்வெளிக்கு மாரி முடிந்ததும் காலம். நமக்குப் பங்குனி, சித்திரையின் பின்னேர மழைதான் காலம். ஆகவே மாசியிலேயே மண்ணைக் கொத்தி ஆறப்போட வேண்டும். உயரத்துத் தோட்டங்களில் மாசிப் பனி நாற்றைக் கருக்கிவிடும். கோவா, லீக்ஸ், நோக்கோல் விதையைப் பழைய பெட்டியில் தூவி, இரவில் சாக்கால் மூடி வையுங்கள். போஞ்சியை நாற்றுப்போட வேண்டாம், மழை தொடங்கியதும் நேரே ஊன்றலாம். கொடிக்குக் கவ்வாத்து மலையில் கிடைக்கும் மிலாறு போதும். மேரக்காய்க்கு மட்டும் உறுதியான பந்தல் வேண்டும். அது காய்க்கத் தொடங்கினால் பக்கத்துக் காம்பராவுக்கும் கொடுக்கலாம்.

சரிவு நிலத்தில் பாத்தியை மேலிருந்து கீழாக இழுக்காதீர்கள். வைகாசி மழை மண்ணோடு பயிரையும் கொண்டுபோகும். சரிவுக்குக் குறுக்கே வெட்டி, மேல்பக்கம் ஒரு சிறு கான் எடுத்து, ஓரத்தில் சேரப்புல் நடுங்கள். செங்குத்தான மண்மேட்டைக் கொத்தவே கூடாது, லயமே சரியும். மாட்டுச் சாணத்தைப் பச்சையாகப் போடாமல் மக்கவிட்டுப் போடுங்கள். தேயிலைக்குப் புல்மருந்து அடிக்கும் மலையிலிருந்து தண்ணீர் வடியும் கானோரத்தில் கீரை வேண்டவே வேண்டாம். இதையெல்லாம் பெண்கள் தலையிலேயே கட்டிவிடுவதும் நியாயமில்லை. கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு அடுப்புக்கும் பிள்ளைக்கும் ஓடுகிறவரிடம் மண்வெட்டியையும் கொடுப்பதா? ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆண்கள் கொத்தட்டும்.

இனிச் சங்க வேலை. 1992 இல் கம்பனிகளிடம் நிர்வாகம் போனாலும் பெரும்பாலான தோட்டங்களின் நிலம் இன்னும் அரசுடையதுதான். கோடியில் நான்கு பாத்தி போடுவதற்கு யாருடைய தயவும் தேவைப்படக் கூடாது. ஒவ்வொரு லயத்திலும் எந்தக் குடும்பம் எவ்வளவு இடத்தில், எத்தனை வருடமாகப் பயிர் செய்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அடியால் அளந்தாலும் சரி, எங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நூல் பிடித்து அளந்து வரைபடம் போட்டுத் தருவார்கள். கணக்குப் பாடமும் ஆகும். அறுவடைக்கு முன் பயிரைப் பிடுங்கக் கூடாது, நிலம் தேவையென்றால் எழுத்தில் அறிவித்தல் தர வேண்டும் என்பதை நிர்வாகத்துடனான அடுத்த பேச்சில் வைக்கிறோம். வெறும் வாயோடு போனால் 'அப்படி ஒரு தோட்டமே இல்லை' என்பார்கள். கொப்பிகளை மாசி மாதக் கூட்டத்துக்கு முன் உங்கள் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். நாவிதன்வெளியிலிருந்து கொஞ்சம் கத்தரி, மிளகாய் விதை கொண்டு வந்திருக்கிறோம். சூடான கீழ்மலைத் தோட்டத்தார் அன்றைக்கு வாங்கிக்கொள்ளலாம்.