கொண்டி மகளிர்

இலியட் காப்பியத்தின் சினம் ஒரு பெண்ணைப் பற்றியது. போர்ப்பரிசாக அகிலீஸ் பெற்ற பிரிசேயிஸை அகமெம்னான் பறித்துக்கொள்கிறான். அவளுக்காக இரங்கும் நாம், பட்டினப்பாலையின் கொண்டி மகளிர்முன் நிற்பதேயில்லை. அவர்களும் போரில் சிறைபிடித்துக் கொணரப்பட்டவர்களே. கரிகாலனின் பகைவர் ஊர்ப் பொதியிலில் அந்தி விளக்கேற்றியவர்கள். அவ்வூரையும் கரிகாலன் பாழாக்கினான். பொதியிலில் யானைகள் தங்கின. முன்னமே ஒரு போரில் ஊரிழந்த அம்மகளிர் பிறகு என்ன ஆயினர்? உருத்திரங்கண்ணனார் சொல்லவில்லை. வகுப்பறையில் நாமும் கேட்பதில்லை. 'மன்னனின் வீரம்' என்று குறிப்பெழுதிக் கடந்துவிடுகிறோம். பிரிசேயிஸுக்கு ஹோமர் 19ஆம் காண்டத்தில் ஒரு புலம்பலையேனும் தந்தார். நம் மகளிருக்குப் பெயருமில்லை, குரலுமில்லை. புலவர் விட்டதைப் புனைந்து நிரப்ப வேண்டாம். வெற்றியைப் பாடமாக நடத்தும் நாளில் அந்தக் கேள்வியையாவது மாணவர்முன் வைப்போம்.