கையெழுத்துக்கு முன் சொல்லுங்கள்

மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவைச் சிகிச்சை குறித்த கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கும், மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும்.

இந்தச் சிகிச்சையைத் தடை செய்யுங்கள் என்று கேட்க நாங்கள் வரவில்லை. எங்களில் சிலர் செய்துகொண்டவர்கள், சிலர் செய்துகொள்ள முடிவெடுத்தவர்கள். திருநங்கையர் பலருக்கு இது தம் உடலைத் தமதாக உணரும் வழி. 2018இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை இதை இலவசமாகச் செய்ய முன்வந்தபோது, அரசுப் பணத்தில் இது எதற்கு என்ற கேள்வி எழுந்தது. ஏழைக்கும் தன் உடல்மீது ஆசையும் உரிமையும் உண்டு என்பதே எங்கள் பதில். ஆனால் இலவசமானாலும் லட்சங்கள் கொடுத்தாலும், கத்தி படுவதற்கு முன் முழு உண்மையும் எங்கள் மொழியில் எங்களுக்குச் சொல்லப்பட வேண்டும்.

பல இடங்களில் ஒப்புதல் என்பது அறுவைச் சிகிச்சை அன்று காலையில், ஆங்கிலப் படிவத்தில், நர்ஸ் விரல் வைத்துக் காட்டும் இடத்தில் போடும் கையெழுத்து. பசியோடும் பயத்தோடும் போடுகிற அந்தக் கையெழுத்தை நாங்கள் சம்மதம் என்று ஏற்கவில்லை. சிகிச்சையின் தன்மை, பலன், மாற்று வழி, முக்கிய ஆபத்துகள் ஆகியவற்றைப் போதுமான அளவு விளக்கிப் பெறுவதே சம்மதம் என்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008லேயே சொல்லிவிட்டது. தானே முடிவெடுக்கும் தகுதியும் வயதும் உள்ள பெண்ணுக்குப் பதிலாக அவள் தாய் கொடுத்த சம்மதம் செல்லாது என்றதும் அதே தீர்ப்புதான். ஆகவே கணவரை அழைத்து வா, அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வா என்று எங்களைத் திருப்பி அனுப்பும் வழக்கம் உடனே நிற்க வேண்டும்.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021 அக்டோபரில் ஒரு விதி கொண்டுவந்தது. ஆபத்துகளை ஒவ்வொன்றாக எழுதிய பட்டியலை நோயாளியோடு உட்கார்ந்து பேசி முடிக்கும் மருத்துவர்களுக்கும் நிலையங்களுக்கும் மட்டுமே மார்பில் பொருத்தும் இம்ப்ளான்டை விற்கலாம். அப்படியொரு பட்டியல் எளிய தமிழில் வேண்டும். பிரான்சில் செலவு மதிப்பீட்டைக் கையில் கொடுத்து 15 நாள் கழியாமல் அழகு அறுவைச் சிகிச்சை செய்யக் கூடாது. அந்த 15 நாள் எங்களுக்கும் வேண்டும்.

பட்டியலில் எதையும் மழுப்பக் கூடாது. இம்ப்ளான்ட் ஆயுளுக்கும் நிற்கும் பொருளல்ல. மறுபடி அறுவை தேவைப்படலாம். அதைச் சுற்றி உடல் கட்டும் தழும்புத் திசு இறுகினால் மார்பு கல்லாகி வலிக்கும், வடிவம் கோணும். காம்பில் உணர்ச்சி குறையலாம், தாய்ப்பாலும் குறையலாம். சிலிக்கோன் ஜெல் உறை வலியோ வீக்கமோ இல்லாமலே கிழியலாம். அதனால்தான் 5 அல்லது 6 ஆண்டில் முதல் ஸ்கேனும், பிறகு 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறையும் பார்க்கச் சொல்கிறார்கள். மேமோகிராம் எடுக்கையில் இம்ப்ளான்ட் சில பகுதிகளை மறைக்கும். முன்கூட்டியே சொன்னால் கூடுதல் கோணங்களில் படமெடுப்பார்கள். பின்னாளில் எடுத்துவிட்டால் மார்பு பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்ற உறுதியும் இல்லை.

மேற்பரப்பு வழவழப்பானதா, சொரசொரப்பானதா என்பதையும் சொல்லியாக வேண்டும். சொரசொரப்பான வகையைச் சுற்றியுள்ள தழும்புத் திசுவில், அரிதாக, நிணநீர் மண்டலப் புற்றுநோய் வருகிறது. பல ஆண்டுகள் கழித்து ஒரு பக்கம் திடீரென வீங்குவது அதன் முக்கிய அறிகுறி. இதன் காரணமாகவே 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகையை உலகெங்கும் திரும்பப் பெற்றது.

எங்கள் கோரிக்கைகளில் மிக முக்கியமானது, பொருத்திய இம்ப்ளான்டின் விவரம் எழுதிய ஒரு சின்ன அட்டை. அது ஏன் என்று ஒரு மோசடி சொல்லும். பிரான்சின் பிஐபி நிறுவனம் மருத்துவத் தரம் இல்லாத, தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான சிலிக்கோனை இம்ப்ளான்டில் நிரப்பி உலகெங்கும் விற்றது. 2010இல் குட்டு வெளிப்பட்டது. 2011 டிசம்பரில், அந்த இம்ப்ளான்டைப் பொருத்தியிருந்த சுமார் 30,000 பெண்கள் அதை அகற்றிக்கொள்ளுமாறு பிரான்ஸ் அரசே அறிவுறுத்தியது. நிறுவனருக்கு 2013இல் 4 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. தன் மார்புக்குள் இருப்பது எந்த நிறுவனத்தின் பொருள் என்று அறியாத பெண், அப்படியொரு அறிவிப்பைக் கேட்டு என்ன செய்வாள்? நிறுவனம், வகை, வரிசை எண், தொகுதி எண், அறுவை நடந்த தேதி, மருத்துவர் பெயர் எழுதிய அட்டையைத் தராமல் எவரையும் டிஸ்சார்ஜ் செய்யக் கூடாது. அதே விவரம் அரசுப் பதிவேட்டிலும் ஏற வேண்டும். பிரிட்டன் 2016இல் அப்படியொரு பதிவேட்டைத் தொடங்கியது. மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்பைத் தெரிவிக்க இந்தியாவில் 2015 முதல் ஒரு திட்டம் இருக்கிறது. அதற்கான படிவம் தமிழில் ஒவ்வொரு மருத்துவமனையிலும் கிடைக்க வேண்டும்.

அறுவை செய்பவரின் பிளாஸ்டிக் சர்ஜரி தகுதியும் மயக்க மருத்துவரின் பெயரும் எழுத்தில் வேண்டும். பிற்கால ஸ்கேன், மாற்று அறுவை, அகற்றும் செலவு எல்லாம் முதல் ரசீதுக்கு முன்பே சொல்லப்பட வேண்டும். தள்ளுபடி, மாதத் தவணை என்று ஆசை காட்டும் விளம்பரங்களின்மேல் நடவடிக்கை வேண்டும்.

இவை நிறைவேறும்வரை காத்திருக்க முடியாத சகோதரிக்கு ஒரு வேண்டுகோள்: இம்ப்ளான்ட் பெட்டியோடு எண் அச்சிட்ட ஸ்டிக்கர் வரும். அதைக் கேட்டு வாங்குங்கள். ரேஷன் கார்டு, ஆதார் வைத்திருக்கும் பையிலேயே அதையும் பத்திரமாக வையுங்கள்.